ஓசூரிலிருந்து எங்கள் மலையைத் தேடியது

ரோஜாச் செடி பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போனேன் என்று சொன்னால் எங்கள் தோட்டத்தில் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். இலங்கை மலைநாட்டில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய பூப்பண்ணையில் நான் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். பண்ணை முதலாளிக்குப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்க ஆசை வந்தது. “ஓசூர்ப் பக்கத்தில் அதிலேயே ஊறியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் இருந்து கையால் செய்து பழகிக்கொண்டு வா” என்று என்னை அனுப்பிவைத்தார்.

நான் கிளம்பிய அன்று எங்கள் மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குப் புதிதல்ல. கணவர் மூர்த்தி குடை பிடித்து பஸ் ஏற்றிவிட்டார். மகள் தர்ஷினி பள்ளிக்கூடப் பையோடு கையாட்டினாள்.

பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி பழுதாகிக் குறுக்கே கிடந்தது. வெளியே கடைப் பலகைகளில் கன்னட எழுத்து முடிந்து தமிழ் எழுத்து தொடங்கியிருந்தது. கண்டக்டர் முன் சீட்டுக்காரரிடம் கன்னடத்தில் பேசினார், பின் சீட்டுப் பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார், என்னிடம் வந்து, “ஓசூர் தானம்மா? இன்னும் அரைமணி ஆவும், தூங்குங்க” என்றார். எங்கள் நாட்டில் இரண்டு மொழியை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். இந்த மனிதர் மூன்றைச் சட்டைப்பையில் சில்லறை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

ஓசூரில் குளிர் இருந்தது. ஆனால் மலை இல்லை. மலையில்லாமல் குளிர்வது எனக்கு விசித்திரமாகப் பட்டது. பேருந்து நிலையத்துக்கு அருகே தங்கினேன். கீழே ஒரு மெஸ். கம்பெனிச் சீருடையில் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து கூட்டமாக வந்து சாப்பிட்டார்கள். ஒருத்தி திருநெல்வேலி, ஒருத்தி விழுப்புரம் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு தமிழ். தட்டு அகலத்துக்கு ஒரு இட்லி வைத்தார்கள். தேநீர்தான் தகராறு. தேயிலையையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டு ஏன் இப்படிக் கொதிக்கவைத்துக் கொல்கிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மறுநாளிலிருந்து காப்பிக்கு மாறிவிட்டேன்.

பண்ணை தளி சாலையில் இருந்தது. அதன் சொந்தக்காரர் கிருஷ்ணப்பா, தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். கேழ்வரகு விதைத்த நிலத்தில் இப்போது வரிசையாகப் பாலிஹவுஸ் என்னும் பிளாஸ்டிக் கூடாரங்கள். “ரோஜா நம்ம பேச்சைக் கேக்காதும்மா. நாமதான் அது பேச்சைக் கேக்கணும்” என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். எந்த இலைக்கு மேலே வெட்டவேண்டும், மொட்டுக்கு எப்போது வலைத்தொப்பி போடவேண்டும் என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். மத்தியானம் அவர் மனைவி கௌரம்மா ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். நான் களியை மென்று தின்பதைப் பார்த்துப் பதறிப்போய், “மெல்லக்கூடாதும்மா, உருட்டி முழுங்கணும்” என்றார். 

அன்று மாலை மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கியது. இலங்கையில் புயல் மழை, மலைப்பகுதியில் பல இடங்களில் மண்சரிவு. திரையில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வந்துவிட்டுப் போனது. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் மறைந்துவிட்டது. நான் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, உங்க ஊரா? சத்தம் வைக்கட்டுமா?” என்று கேட்டாள் திருநெல்வேலிப் பெண்.

சத்தம் வைத்தாள். சேதம் அதிகம், தொடர்பு துண்டிப்பு என்ற இரண்டு வார்த்தைகளையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பிறகு ஓசூரில் வீட்டுமனை விளம்பரம் வந்தது. மூர்த்திக்கு அடித்தேன். மணி அடிக்கவே இல்லை. தர்ஷினியின் பள்ளி ஆசிரியைக்கு அடித்தேன். அதுவும் அப்படியே.

எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் பாதிப்பேர் குவைத்துக்கும் துபாய்க்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். அன்று அந்தக் குழுவில் வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து ஒரு குரல்கூட இல்லை. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் ஆளுக்கொரு செய்தியைப் பிடித்துப் போட்டோம்.

மறுநாள் காலை அந்த வீடியோ வந்தது. ஒரு மலைச்சரிவு அப்படியே நழுவி இறங்குகிறது. கூரைகள் சீட்டுக்கட்டு சரிவதுபோல் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. யாரோ அலறுகிறார்கள். அதன் கீழே எங்கள் தோட்டத்தின் பெயரும், ‘மேல் டிவிஷன் முழுவதும் மண்ணுக்குள்’ என்ற வரியும். எங்கள் வீடு தோட்டத்தின் மேற்பகுதியான அந்த மேல் டிவிஷனில்தான் இருக்கிறது.

அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. தளி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவுத் திரையில் எல்லாமே எங்கள் ஊர் மாதிரித்தான் தெரிந்தது. அந்த நீலக் கூரை என் வீட்டுக் கூரையா, இல்லையா? நடுவில் செல்வி குவைத்திலிருந்து கூப்பிட்டாள். கீழ் டிவிஷனில் கடைசி லயத்து வீட்டில் இருக்கும் பாக்கியம் அக்காவின் ஒரே மகள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தோட்ட வீடுகள்.

“அக்கா, மேல் டிவிஷன் போயிருச்சாமே? அம்மா கீழதானே இருக்காங்க. மேல இருந்து வந்த மண்ணு கீழயும் வந்திருக்குமாக்கா?”

“எனக்கும் தெரியலம்மா. தெரிஞ்சதும் சொல்றேன்” என்றேன். அப்போதே சிக்னல் அறுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் பண்ணை எப்போதோ கடந்துபோயிருந்தது. தளியும் போய்விட்டது. சாலையின் இருபக்கமும் காடு. ஜவளகிரியில் வண்டி நின்றதும் கண்டக்டர் என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “இன்னாம்மா, போனையே பாத்துனு வந்துட்டீங்க. வண்டி டீ குடிச்சிட்டுத் திரும்பும். அதுலயே ஏறிக்கோங்க.”

நடந்து போகிறேன் என்றேன். “யானை போயினு வந்துனு இருக்குது. நடக்கறதாவது!” என்றார்.

வேறு வழியில்லாமல் எதிரே இருந்த தேநீர்க்கடைக்குள் போனேன். அங்கே சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதில் அதே வீடியோ. என் கைக்குள் அடங்கிய மலை இங்கே ஒரு சுவர் அளவுக்குச் சரிந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி திரையைக் கைகாட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். கடைக்காரர் பதில் சொன்னார். இரண்டு பேரும் ‘ச்சு’ கொட்டினார்கள்.

“அவர் என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா. எவ்ளோ பெரிய பாக்குத்தோட்டம், அப்படியே போச்சேன்னு சொல்றார். அவருக்கும் பாக்கு மரம் இருக்குது.”

நான் மீண்டும் திரையைப் பார்த்தேன். தொலைக்காட்சிக்காரர்கள் புண்ணியத்தில் அந்தக் காட்சி ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தது. சரிகிற மண்ணின் இடதுபக்கம், அலறுகிறவர் கை நடுங்கிப் படம் ஆடுகிற அந்த இடத்தில், மெலிந்து உயர்ந்த மரங்கள் கூட்டமாக நின்றன. பாக்கு மரங்கள்தான். எங்கள் உயரத்தில் பாக்கு வராது. தென்னையும் வராது. தேயிலையும் சவுக்கும் கற்பூர மரமும்தான் எங்களுக்கு. அது எந்த ஊரோ, எந்த வருஷமோ, எங்கள் மலை இல்லை.

“இங்க எங்க சிக்னல் கிடைக்கும்?” என்று எழுந்தேன்.

“மேட்டுமேல தண்ணி டேங்கு இருக்குது, அங்க கொஞ்சம் வரும். தனியா போவாதீங்க” என்று சொல்லிக் கடைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா கையில் ஒரு நீளமான கம்போடு முன்னால் நடந்தார். யானைக்கு அந்தக் கம்பு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. தொட்டியின் ஏணிப்படியில் கொஞ்சம் ஏறியபோது போனில் ஒரு கோடு வந்தது. அங்கேயே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழுவுக்குப் பேசி அனுப்பினேன்.

“நான் மேல் டிவிஷன் மூர்த்தி வீட்டுக்காரி பேசுறேன். எல்லாரும் கேளுங்க. அந்த வீடியோவ நிறுத்திப் பாருங்க. இடது பக்கம் பாக்கு மரம் நிக்குது. நம்ம தோட்டத்துல யாராச்சும் பாக்கு மரம் பாத்திருக்கீங்களா? அது நம்ம ஊர் இல்ல. அத இனி யாருக்கும் அனுப்பாதீங்க.”

பஸ் தளிக்குத் திரும்புவதற்குள் பதில்கள் கொட்டின. துபாயிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள். வீடியோ முதலில் வந்த இணையப் பக்கத்திலும் போய் அதையே எழுதினேன். முகம் தெரியாத ஒருவர், ‘ஊரே செத்துக் கிடக்கு, உனக்குப் பாக்கு மரம் கேக்குதா?’ என்று திட்டினார். தொலைக்காட்சித் திரையின் கீழே ஓடிய எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “எல்லா இடத்துலயும் ஓடுது மேடம். நாங்க மட்டும் நிறுத்தினா எப்படி? மேல சொல்லிப் பாக்குறேன்.” மாலையிலும் அது ஓடியது.

செல்வி கூப்பிட்டாள். “வீடியோ பொய்யாமேக்கா! அப்ப அம்மாவுக்கு ஒன்னும் இல்ல, அப்படித்தானே?”

அங்கேதான் நான் சுதாரித்துக்கொண்டேன். ‘ஆமாம்மா’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் வீடியோ போட்டவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? “செல்வி, அந்த வீடியோ நம்ம ஊர் இல்லங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஊர்ல என்ன நடந்துச்சுன்னு இன்னும் தெரியாது. கண்டுபிடிச்சு நானே உனக்குச் சொல்றேன். அதுவரைக்கும் வேற யார் சொன்னாலும் நம்பாத” என்றேன்.

குழுவிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். செய்தி போடுகிறவர் யார் கண்ணால் பார்த்தது என்று பெயர் சொல்லவேண்டும். பெயர் இல்லாத செய்தியைப் போடக்கூடாது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் கட்டுப்பட்டார்கள். குழு அமைதியானது. உண்மையில் எங்களிடம் செய்தி என்று எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த நாள் பண்ணைக்கு ரஹீம் பாய் வந்தார். பூவுக்கு அட்டைப்பெட்டி வியாபாரம் செய்பவர். சொந்த வேனில் பூப்பெட்டிகளைப் பெங்களூர் விமான நிலையத்துக்கும் கொண்டுபோவார். கௌரம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கவேண்டும். வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஏறுங்கம்மா. ஏர்போர்ட்ல எறக்கி விடறேன். புள்ளய விட்டுட்டு இங்க நின்னு பூ வெட்டுவீங்களா?” என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கால் வேனில் வைத்துவிட்டேன் என்றே சொல்லலாம். ஆனால் கொழும்பிலிருந்து எங்கள் மலைக்குப் போகும் சாலைகள் எல்லாம் துண்டிக்கப்பட்டிருந்தன. போனால் அடிவாரத்தில் எங்கோ ஒரு மண்டபத்தில், கரண்ட் இல்லாமல், போன் அணைந்துபோய் உட்கார்ந்திருப்பேன். “பாய், அங்க போனா நானும் இருட்டுல ஒரு ஆளாயிடுவேன். இங்க கரண்ட் இருக்கு, சிக்னல் இருக்கு. ரோடு திறக்கிற வரைக்கும் இங்க இருந்தாத்தான் தேட முடியும்” என்றேன்.

அவர் வேனிலிருந்து ஒரு பவர் பேங்கை எடுத்து என்னிடம் கொடுத்தார். “ரோடு தெறந்ததும் சொல்லுங்க. எந்த வேளையானாலும் வண்டி வரும்.”

கிருஷ்ணப்பா பூப்பெட்டி கட்டும் கொட்டகையில் எனக்கு ஒரு மேசை போட்டுக்கொடுத்தார். அங்கே வைஃபை வரும். பெண்கள் ரோஜாக்களை நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கூடாரத்துக்குள் வேலை பழகினேன். கைக்கு வேலை இல்லாவிட்டால் மனம் என்னைத் தின்றுவிடும். மற்ற நேரம் மேசைக்கு வந்து யோசித்தேன். ஊரில் கரண்ட் இல்லை. யார் போன் உயிரோடு இருக்கும்? பேட்டரி வைத்திருப்பவர் போன்தான். யார் பேட்டரி வைத்திருக்கிறார்? வண்டி வைத்திருப்பவர்.

அப்படித்தான் சுனிலின் ஞாபகம் வந்தது. முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பாண் விற்பவர். நீங்கள் பிரெட் என்பதை நாங்கள் பாண் என்போம். சிங்களவர், எங்களோடு பேசிப் பேசி அரைத்தமிழ் கற்றவர். அவர் எண் என்னிடம் இருந்தது, தர்ஷினி பிறந்தநாளுக்குக் கேக் சொல்லி வாங்கியதால். கூப்பிட்டால் அழைப்பு போகவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசி அனுப்பினேன். ஒரே ஒரு சரிக்குறிதான் விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மணிக்கொரு தடவை புதிதாகப் பேசி அனுப்பினேன். என்றாவது அவர் போன் ஒரு நிமிஷம் விழித்தாலும் என் குரல் அவருக்குக் கிடைக்கவேண்டும். கௌரம்மா சாப்பாட்டுத் தட்டை மேசைக்கே கொண்டுவந்தார். களியை இப்போது நான் மெல்லாமல் விழுங்கினேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், ரோஜாக் கட்டுகளுக்கு அட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது பெட்டி கட்டும் பெண் ஒருத்தி, “அக்கா, உங்க போன்ல ரெண்டாவது குறி விழுந்துருச்சு” என்று கத்தினாள். எல்லோரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்கள். கொஞ்சநேரத்தில் சுனிலின் குரல் வந்தது. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பேச்சைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

“அக்கா, இப்போதுதான் மேட்டுக்கு ஏறி வந்தேன். உங்கள் வீட்டுக்காரரும் மகளும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். நானே பாண் கொடுத்தேன். உங்கள் வீடு நிற்கிறது, சுவர் வெடித்திருக்கிறது. ஆனால் அக்கா, கீழ் டிவிஷன் கடைசி லயம் போய்விட்டது.”

கொட்டகையில் என்ன விளங்கியதோ, பெண்கள் கைதட்டினார்கள். நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

மூர்த்தியையும் தர்ஷினியையும் சுனில் மேட்டுக்கு அழைத்துவர, அவர் போனிலேயே மூர்த்தி பேசினார். தர்ஷினி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அழுதாள். எனக்கு அழுவதற்கு நேரமில்லை, சுனிலின் போன் எப்போது அணையும் என்று தெரியாது. மூர்த்தியிடம் பாக்கியம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். கேட்கவேண்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டேன். யார் பார்த்தார்கள், எப்போது, எப்படி, இப்போது எங்கே.

“புள்ளைக்கு யாரு சொல்றது?” என்றார் மூர்த்தி.

“நான் சொல்றேன்.”

குழுவில் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அதற்குத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் அந்தச் செய்தி இன்னொரு வீடியோவின் கீழே செல்விக்குக் கிடைக்கக்கூடாது. மேல் டிவிஷன் பாதுகாப்பாக இருக்கிறது என்பதைக்கூட அப்போது குழுவில் போடவில்லை. முதலில் அவள்.

கிருஷ்ணப்பாவிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வெளியே, பாலிஹவுஸ் நிழலில் போய் உட்கார்ந்தேன். கௌரம்மா கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் செல்வியைக் கூப்பிட்டேன்.

“கூட யாரும்மா இருக்கா?”

“சமையல் பண்ற சேச்சி இருக்காங்கக்கா. கேரளாக்காரங்க. ஏன்?”

“அவங்களக் கொஞ்சம் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு. நீ உக்காந்துக்கோ.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“செல்வி, இது கேள்விப்பட்ட செய்தி இல்ல. உன் மூர்த்தி அண்ணன் கண்ணால பாத்தது. கடைசி லயத்து மேல மண்ணு இறங்கிருச்சும்மா. அம்மா உள்ள இருந்தாங்க. எடுத்துட்டாங்க, ஆனா உயிர் இல்ல. இப்ப கோயில் பக்கத்துல, நம்ம ஆளுங்க காவல் இருக்காங்க. தனியா இல்ல.”

பின்னால் அந்தச் சேச்சி மலையாளத்தில் ‘எந்தா மோளே, எந்தா’ என்று கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

“நீங்க சொன்னா நம்புறேன்க்கா” என்றாள் செல்வி. பிறகு, “அம்மாவ வீடியோ எடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. யாரும் எடுக்கல. அங்க நின்ன எல்லார் கையிலயும் மண்வெட்டிதான் இருந்துச்சு.”

அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். நான் போனை வைக்கவில்லை.